தபாலில் வந்த மைல்கள்

1963 ஜூன் 15 அன்று வின்ட்சரிலிருந்து மேற்கு லண்டனின் சிஸ்விக் வரை நடந்த பாலிடெக்னிக் மாரத்தானை பட்டி எடலன் 2 மணி 14 நிமிடம் 28 விநாடிகளில் ஓடி முடித்தார். அதற்கு முன் யாரும் அந்தத் தூரத்தை 2 மணி 15 நிமிடத்துக்குள் ஓடியதில்லை. எடலன் அமெரிக்கர். இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடியே போய்வந்து பயிற்சி எடுத்தவர். அவருக்கு வழிகாட்டிய ஃபிரெட் வில்ட் இருந்ததோ அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இண்டியானா மாநிலத்தில். வில்ட் பயிற்சியாளர் வேலையில் இருந்தவரும் அல்லர். 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியிருந்த அவர் பிழைப்புக்கு எஃப்.பி.ஐ.யில் அதிகாரியாக இருந்தார். எடலன் அந்த வாரம் என்ன ஓடினேன், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி அனுப்புவார். அடுத்து என்ன செய்யலாம் என்று வில்ட் பதில் எழுதுவார். உலகின் மிக வேகமான மாரத்தானுக்கான பயிற்சி இப்படிக் கடிதம் கடிதமாகத்தான் உருவானது.

இதை ஒரு விந்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டு நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் எடலனும் வில்ட்டும் தனி ஆட்களாகத் தெரிவதில்லை. எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, அன்று ஓடியதைக் குறித்துவைத்து, அதை இன்னொருவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு எத்தனை மைல் ஓடலாம், மெதுவாக ஓடுவதால் என்ன பயன், பந்தயத்துக்கு முந்தைய வாரம் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று இன்று முதல் மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவர் சாதாரணமாகத் தெரிந்துவைத்திருக்கும் செய்திகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சம்பளப் பயிற்சியாளரிடமிருந்தும் வரவில்லை. அமெச்சூர் ஓட்டக்காரர்கள் தங்கள் உடம்பிலேயே சோதித்து, கண்டதை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொன்னதால் சேர்ந்த அறிவு அது. இதற்குச் சான்று இருக்கிறது, மறுப்புகளும் இருக்கின்றன. அவற்றில் சில வலுவானவை.

முதலில், மறைத்துவைத்த காலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நெடுந்தூர நடையும் ஓட்டமும் பந்தயப் பணத்துக்கான தொழில். 1809இல் நியூமார்க்கெட்டில் கேப்டன் பார்க்ளே ஆயிரம் மணி நேரத்தில், மணிக்கு ஒரு மைல் வீதம் ஆயிரம் மைல் நடந்து காட்டியபோது அவர்மேல் பெரும் தொகைகள் கட்டப்பட்டிருந்தன. பணம் கட்டும் ஆட்டத்தில் ஓடுபவனின் உண்மையான வேகம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பந்தய விகிதம் குலைந்துவிடும். அதனால் ஒத்திகை ஓட்டங்களை ஒளித்து நடத்தினார்கள். அப்படிப்பட்ட சூழலில் ஒரு முறை சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வழியில்லை. பார்க்ளேயின் சாதனையை ஒட்டி 1813இல் வால்டர் தாம் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள பயிற்சி முறையைப் படித்தால் இது புரியும். முதலில் பேதி மருந்து. பிறகு கம்பளித் துணி போர்த்திக்கொண்டு நாலு மைல் ஓடி, சூடான கஷாயம் குடித்து, படுக்கையில் போர்வைகளுக்குள் கிடந்து வியர்க்க வேண்டும். அரைவேக்காட்டு மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, பீர், தண்ணீர் கூடாது. வெற்றி பெற்றவர் ஒருவர் இதைச் செய்தார் என்பதற்காகவே இது நெடுநாள் நிலைத்தது. இதைச் செய்து தோற்றவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஆர்தர் நியூட்டனை வைத்துப் பார்க்க வேண்டும். 1883இல் இங்கிலாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் விவசாயம் செய்துகொண்டிருந்தவர். தன் பண்ணை நிலம் தொடர்பாக அரசின்மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது. சுற்றியிருந்த நிலங்களை ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கும் கொள்கையால் தனக்கு நட்டம் என்பதே அது. இன்று நின்று பார்த்தால் அனுதாபம் கொள்ளக் கடினமான குறை. விளையாட்டில் பெயரெடுத்தால் தன் பேச்சு காதில் விழும் என்று கணக்குப் போட்டு, 1922 தொடக்கத்தில் காம்ரேட்ஸ் பந்தயத்துக்குப் பயிற்சியைத் தொடங்கினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட வேண்டிய அந்தப் பந்தயம், முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாக அதற்கு முந்தைய ஆண்டுதான் 34 பேருடன் தொடங்கியிருந்தது. நியூட்டனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கிடையாது. அன்றைய புத்தகங்கள் சொன்ன நீண்ட நடைகளையும் வேக ஒத்திகைகளையும் சீக்கிரமே விட்டுவிட்டு, மூச்சு வாங்காத வேகத்தில் அன்றாடம் நெடுந்தூரம் ஓடிப் பார்த்தார். மே மாதம் பந்தயத்தை வென்றார். அடுத்த ஆண்டு ஏழு மணி நேரத்துக்குள் ஓடினார். 1924இல் லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான ஐம்பது மைலுக்கும் மேற்பட்ட சாலையை 5 மணி 53 நிமிடத்தில் கடந்தார். காம்ரேட்ஸை மொத்தம் ஐந்து முறை வென்றார்.

ஓடியதைவிட அவர் எழுதியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1935இல் வந்த முதல் புத்தகத்திலிருந்து 1940களின் இறுதி வரை நான்கு புத்தகங்கள். என்ன செய்தேன், எது பலித்தது, எதைக் கைவிட்டேன், ஏன் கைவிட்டேன் என்று விவரமாகச் சொன்னார். வெற்றியின் ரகசியம் என்று எதையும் விற்கவில்லை. யாராலும் செய்யக்கூடியதைத்தான் செய்தேன், நீங்களும் செய்து பாருங்கள் என்பதே அவர் எழுத்தின் அடிப்படைத் தொனி. பிற்காலத்தில் லண்டனுக்கு வெளியே ரைஸ்லிப்பில் இருந்த அவர் வீடு ஓட்டக்காரர்கள் வந்து தேநீர் குடித்துப் பேசிப் போகும் இடமாயிற்று. 1953இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாலி ஹேவர்ட் 24 மணி நேரத்தில் 159 மைல் ஓடி, நியூட்டனின் சொந்தச் சாதனையை முறியடித்தார். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர்களில் நியூட்டனும் ஒருவர். தன் சாதனையை உடைக்க வந்தவனுக்குத் தான் அறிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பழக்கம் பந்தயப் பணத்துக்கு ஓடிய பழைய காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது.

நியூட்டனைச் சுற்றி இருந்தவர்கள் 1952இல் பிரிட்டனில் சாலை ஓட்டக்காரர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு ஒரு செய்திமடலும் இருந்தது. அந்த மடல் கடல் கடந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த பிரவுனிங் ராஸ், இரண்டு ஒலிம்பிக்கில் தடை ஓட்டம் ஓடியவர், 1956இல் வீட்டிலிருந்தபடியே ‘லாங் டிஸ்டன்ஸ் லாக்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த தாள்கள். நாட்டின் எந்த மூலையில் நெடுந்தூரப் பந்தயம் நடந்தாலும் அதன் முடிவைத் தபாலில் அனுப்புவார்கள். முதல் மூன்று பேரோடு நிறுத்தாமல் கிடைத்த பெயர்களையெல்லாம் ராஸ் போட்டார். நாளிதழ்கள் பாஸ்டன் மாரத்தானை மட்டும் ஆண்டுக்கொருமுறை கவனித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஊரில் தனியாக ஓடிக்கொண்டிருந்தவருக்குத் தன்னைப் போல் இன்னும் சில நூறு பேர் இருக்கிறார்கள் என்பதே அந்தத் தாள்களிலிருந்துதான் தெரியவந்தது. பிரிட்டிஷ் சங்கத்தைப் பார்த்து நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ராஸ் தன் இதழில் எழுதினார். 1958 பிப்ரவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் ஒரு சிலர் கூடி அமெரிக்கச் சாலை ஓட்டக்காரர் சங்கத்தை அமைத்தார்கள். அதன் நியூயார்க் கிளைக்கு முதல் தலைவரானவர் டெட் கார்பிட்: அடிமையாகப் பிறந்தவரின் பேரன், 1952 ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர், தொழிலால் பிசியோதெரபிஸ்ட்.

கார்பிட் செய்த ஒரு வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் முளையாணி அதில் இருக்கிறது. அனுபவத்தைப் பகிர்வதென்றால் பொதுவான அளவுகோல் வேண்டும். அன்று சாலைப் பந்தயங்களின் தூரம் பெரும்பாலும் குத்துமதிப்பு. கார் மீட்டரைப் பார்த்து முடிவுசெய்த இருபது மைல் உண்மையில் பத்தொன்பதோ இருபத்தொன்றோ. அப்படியிருக்க, போன மாதத்தைவிட மூன்று நிமிடம் முன்னேறினேன் என்று எழுதுவதில் பொருளே இல்லை. பிரிட்டிஷ் சங்கத்தின் ஜான் ஜ்யூவல் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு சாலையை அளக்கும் முறையை ஆராய்ந்து எழுதியிருந்தார். கார்பிட் அதை எடுத்துக்கொண்டு 1964இல் அமெரிக்க ஓட்டக்காரர்களுக்கு ஒரு கையேடு போட்டார். முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நேரான சாலையில் எஃகு நாடாவால் துல்லியமாக அளந்த ஒரு பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, அந்தத் தூரத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு பந்தயப் பாதை முழுவதும், ஓடுபவர் வெட்டிப் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே, வளைவுகளில் நடைபாதை விளிம்பை ஒட்டி ஓட்டிச் செல்ல வேண்டும். முடித்ததும் திரும்ப வந்து எஃகு நாடாப் பகுதியில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியும், சுற்றின் எண்ணிக்கை மாறும். 1970களின் தொடக்கத்தில் சக்கரத்தோடு பொருத்தும் சிறு எண்ணி ஒன்று வந்தது. பாதை எந்த நிலையிலும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிவைக்கும் வழக்கமும் பின்னர் நிலைபெற்றது. உலகெங்கும் இன்றும் மாரத்தான் பாதைகளை அளப்பது இந்த முறையில்தான். சம்பளம் இல்லாத சிலர் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துச் செய்த வேலையே ஒருவர் தன் நேரத்தைச் சொன்னால் இன்னொருவர் நம்பலாம் என்ற நிலையை உண்டாக்கியது.

அளவு நம்பத்தக்கதானதும் ஒப்பிடுவதற்கு இடம் கிடைத்தது. ஃபிரெட் வில்ட் 1959இல் வெளியிட்ட தொகுப்பு இதற்குச் சான்று. பல நாட்டு ஓட்டக்காரர்களின் பயிற்சி விவரங்களைத் திரட்டி அடுத்தடுத்து அச்சிட்டார். இன்னதுதான் சரி என்று தீர்ப்பு எழுதவில்லை. வாசிப்பவர் தாமே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1967இல் டாம் ஆஸ்லர் என்ற கணித ஆசிரியர், தன் பல ஆண்டுப் பயிற்சியை அலசி ஒரு சிறு நூல் எழுதினார். மெதுவான நெடிய ஓட்டத்தால் அடித்தளம் போட்ட பிறகே வேகத்தைத் தீட்ட வேண்டும், தீட்டிய கூர்மை சில வாரங்களே நிற்கும் என்பது அவர் கண்டது. ராஸின் இதழே அதை வெளியிட்டது. 1969இல் ஜோ ஹெண்டர்சன் எழுதிய மெல்லிய புத்தகம் தன்னையும் சேர்த்து ஆறு ஓட்டக்காரர்களின் கதை. ஆறு பேரும் கடுமையான வேகப் பயிற்சியால் அலுத்தோ அடிபட்டோ போய், மெதுவாக நீண்ட தூரம் ஓடுவதற்கு மாறியவர்கள். அவர்களில் ஒருவர் முந்தைய ஆண்டு பாஸ்டன் மாரத்தானை வென்றிருந்த ஆம்பி பர்ஃபூட். நியூட்டன் தன் பண்ணைச் சாலையில் கண்டதை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வேறு கண்டத்தில் வேறு ஆட்கள் மறுபடி சோதித்து உறுதிசெய்தார்கள் என்றே இதை வாசிக்க வேண்டும். இதற்கிடையே கான்சஸில் பாப் ஆண்டர்சன் என்ற பள்ளி மாணவர் 1966இல் தொடங்கிய சிற்றிதழ், பின்னால் ‘ரன்னர்ஸ் வேர்ல்ட்’ என்று பெயர் மாற்றி லட்சக்கணக்கானோரை எட்டியது. அதன் தொடக்க ஆசிரியர்களில் ஹெண்டர்சனும் ஒருவர்.

இங்கே முதல் மறுப்பு எழும். மாபெரும் ஆட்களும் பயிற்சியாளர்களும் இல்லாமலா? 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடும் முறையால் 1952 ஹெல்சின்கியில் மூன்று தங்கம் வென்ற எமில் ஸாடோபெக்கை விட்டுவிட முடியுமா? ஒரே வட்டாரத்துப் பையன்களை வைத்து 1960 ரோமில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் பெறச் செய்த நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் பயிற்சியாளர்தானே? உண்மை. ஆனால் லிடியார்ட் எப்படி அங்கே வந்தார் என்று பார்க்க வேண்டும். அவர் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நண்பரோடு ஐந்து மைல் ஓடித் திணறியதில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தன்மேலேயே சோதித்தார். வாரத்துக்கு மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை ஓடிப் பார்த்து, நூறு மைல் என்ற அளவில் வந்து நின்றார். அக்கம்பக்கத்துப் பையன்கள் அவரோடு ஓட வந்ததால் பயிற்சியாளரானாரே தவிர, பயிற்சியாளர் என்ற பதவி அவருக்கு அறிவைத் தரவில்லை. பிறகு அதே முறையை நடுத்தர வயதுக்காரர்களுக்கும் இதயநோய் கண்டவர்களுக்கும் கொண்டுபோய் ஆக்லாந்தில் மெல்லோட்டக் குழுவை உண்டாக்கினார். 1962 இறுதியில் அங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அதைக் கண்டு வியந்து, ஊர் திரும்பி, ஒரு மருத்துவருடன் சேர்ந்து 1967இல் எழுதிய புத்தகம் மெல்லோட்டத்தை அமெரிக்க வீதிகளுக்குக் கொண்டுவந்தது. ஸாடோபெக்கும் தன் பயிற்சியை யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொன்னவர். பெரிய ஆட்களை நான் கழித்துவிடவில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள்ளே வளர்ந்தவர்கள் அவர்கள் என்கிறேன்.

அறிவியலின் பங்கு என்ன என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தசைத் திசுவை ஊசியால் எடுத்து, அதில் சேரும் மாவுச்சத்தின் அளவை உணவால் கூட்டலாம் என்று நிறுவியது பெரிய கண்டுபிடிப்பு. எந்த ஓட்டக்காரரும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அதைக் கண்டிருக்க முடியாது. ஆனால் அதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்வரிசையில் நின்ற ரான் ஹில்லும் ஓர் அமெச்சூர்தான். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று ஜவுளித் தொழிலில் இருந்தவர். 1969 ஏதென்ஸ் ஐரோப்பியப் போட்டியில் சில நாள் மாவுச்சத்தை ஒதுக்கி, பிறகு நிறைய உண்ணும் அந்த முறையைக் கையாண்டு வென்றார். அடுத்த ஆண்டு பாஸ்டனை 2 மணி 10 நிமிடம் 30 விநாடிகளில் வென்றார். ஓடிய ஒவ்வொரு நாளையும் குறித்துவைத்து, தன் வாழ்க்கை வரலாற்றில் பயிற்சி விவரங்களை மனம்திறந்து எழுதியவர். அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் இதே உணவு முறையை முயன்றார்கள். முதல் சில நாள் பட்டினி போன்ற அந்தப் பகுதி தேவையே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிவியல் விடை தந்தது; கேள்வி வீதியிலிருந்து வந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஓட்டக்காரர் தன்னைப் பற்றிச் சொல்வது சான்றாகுமா? ஓடி முடித்தவரே எழுதுகிறார். முழங்கால் போய் நின்றுவிட்டவர் எழுதுவதில்லை. வாரம் நூறு மைல் என்று ஒருவர் அச்சில் போட்டால், அதைத் தாங்காத உடம்புகளும் அதையே முயல்கின்றன. இது நடந்தது, மறைக்க முடியாது. இதைவிடக் கெட்ட எடுத்துக்காட்டும் உண்டு. மாரத்தான் ஓடி முடித்தவர்களுக்கு இதயக் குழாய் அடைப்பு வரவே வராது என்ற கருத்தைக் கலிபோர்னியா மருத்துவர் ஒருவர் 1970களில் பரப்பினார். ஓட்டக்காரர் வட்டாரங்களில் அது வேகமாகச் சுற்றியது, ஏனென்றால் அவர்கள் கேட்க விரும்பியது அதுதான். தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் மாரத்தான் ஓடிய சிலரின் பிணப் பரிசோதனை முடிவுகளை 1979இல் வெளியிட்டு அதைப் பொய்யாக்கினார்கள். ஓட்டத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற புத்தகத்தை 1977இல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ் 1984இல் ஓடிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று 52 வயதில் இறந்தார்.

ஆனால் இந்தத் தவறு திருத்தப்பட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். நோக்ஸ் ஆய்வாளர் மட்டுமல்ல, காம்ரேட்ஸ் ஓடியவர். அவருடைய பெரிய புத்தகம் நியூட்டனின் பயிற்சிக் கொள்கைகளை விரிவாக எடுத்துப் பேசுகிறது. தண்ணீர் விஷயத்தில் நடந்ததும் இதற்குப் பொருத்தம். பழைய காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்றார்கள். பிறகு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி என்று மறுபக்கம் சாய்ந்தார்கள். 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண் ஓட்டக்காரர் வழிநெடுகக் குடித்துக்கொண்டே ஓடி, மயங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு வந்தது நீர் வறட்சி அல்ல, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போன நிலை. அவருடையதையும் அது போன்ற வேறு சிலருடையதையும் சேர்த்து நோக்ஸ் 1985இல் வெளியிட்ட பிறகுதான் அளவுக்கு மீறிய தண்ணீரும் ஆளைக் கொல்லும் என்று உலகம் கேட்கத் தொடங்கியது. யார் என்ன குடித்தார், எந்த மைலில் தள்ளாடினார் என்ற சாதாரண விவரம் சொல்லப்பட்டதால்தான் இது பிடிபட்டது. பேதி மருந்தும் கம்பளிப் போர்வையும் மறைவில் நெடுநாள் வாழ்ந்தன. இதய நோய்க் கட்டுக்கதை சில ஆண்டுகளில் விழுந்தது. வெளிப்படையாகச் சொன்னதால் பிழை வரவில்லை என்று நான் சொல்லவில்லை, பிழை வெளியில் இருந்ததால் அடிக்க முடிந்தது என்கிறேன்.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. அமெச்சூர் என்ற சொல்லை இவ்வளவு பாராட்டலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைத்தொழில் செய்பவர் அமெச்சூர் ஆக முடியாது என்றே விதி எழுதியிருந்தார்கள். வர்க்கத்தால் ஆளை ஒதுக்கும் ஏற்பாடு அது. பின்னாளில் அந்த விதி எத்தனை பேரைச் சிதைத்தது! 1928இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பணப் பந்தயத்தில் ஓடியதால் நியூட்டன் அமெச்சூர் தகுதியை இழந்தார். இங்கிலாந்துப் பயணச் செலவுக்கு ஊரார் கொடுத்த சிறு தொகையை வாங்கியதற்காக வாலி ஹேவர்ட் தொழில்முறை ஆள் என்று முத்திரை குத்தப்பட்டார். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். விதியைக் காத்த சங்க அதிகாரிகளிடமிருந்து இந்த அறிவு வரவில்லை. தகுதி பறிபோன பிறகும் நியூட்டன்தான் புத்தகம் எழுதினார், வீட்டைத் திறந்துவைத்தார். பணம் இல்லாததால் மறைக்க ஒன்றும் இல்லாமல் போனது என்பதே அந்தக் காலத்தின் நல்ல பக்கம். பணம் வாங்கியவனைத் தண்டிப்பது அதற்குத் தேவையாகவே இருக்கவில்லை.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. காம்ரேட்ஸ் 1975 வரை கறுப்பினத்தவரையும் பெண்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1923இல் ஃபிரான்சஸ் ஹேவர்டும் 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலியும் பதிவில் இடமில்லாமலே முழுத் தூரமும் ஓடி முடித்தார்கள். 1966இல் ராபெர்ட்டா கிப் பாஸ்டனுக்கு விண்ணப்பித்தபோது பெண் உடம்பு அந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் வந்தது. அமெரிக்க அமெச்சூர் சங்கம் பெண்களுக்கு அனுமதித்திருந்தது ஒன்றரை மைல். அவருக்குப் பயிற்சியாளர் இல்லை, புத்தகம் இல்லை, கேட்க ஆள் இல்லை. தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஏறத்தாழ 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். கிப்பின் தனிமை என் வாதத்துக்கு எதிரான சான்று போலத் தோன்றலாம்; பகிர்வு இல்லாமலே ஒருவர் மாரத்தான் ஓடிவிட்டாரே என்று. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. தனியாக ஓடியவர் ஒருவர். அந்தச் செய்தி பரவிய பிறகு வந்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு காத்ரின் ஸ்விட்சர் எண் அணிந்து ஓடினார், பந்தய அதிகாரி அவரைப் பிடித்து இழுக்க முயன்ற புகைப்படம் உலகெங்கும் போனது. ஜெர்மனியின் வால்ட்நீல் கிராமத்தில் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன் என்ற மருத்துவர், பெண்கள் நெடுந்தூரத்துக்கு ஏற்றவர்கள் என்று விடாமல் எழுதி, 1973இல் பெண்களுக்கு மட்டுமான மாரத்தானை நடத்தினார். சுவிட்சர்லாந்தில் நோயெல் தாமினி 1972இல் தொடங்கிய ‘ஸ்பிரிடோன்’ இதழ், பெண்களைச் சேர்க்காத பந்தயங்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தபோது, அதைத் தடுக்கச் சொல்லப்பட்ட உடற்கூற்றுக் காரணங்களுக்கு எதிராக மேசைமேல் கிடந்தவை ஓடி முடித்த பெண்களின் நேரங்கள். சரியாக அளந்த பாதைகளில், பெயரோடு அச்சான நேரங்கள்.

1970இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவைச் சுற்றி நடந்த முதல் நியூயார்க் மாரத்தானில் 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தார்கள். பதிவுக் கட்டணம் ஒரு டாலர். 1979இல் அதே பந்தயத்தை ஓடிவிட்டு வந்த பிரிட்டனின் கிறிஸ் பிரேஷர், தான் கண்டதை ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் எழுதி, லண்டனில் இப்படி ஒன்று முடியுமா என்று கேட்டார். 1981 மார்ச் 29 அன்று மழையில் நடந்த முதல் லண்டன் மாரத்தானை 6,255 பேர் முடித்தார்கள். வளமும் தொலைக்காட்சியும் காலணிக் கம்பெனிகளும் இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டம் சேர்வது ஒன்று, வந்தவர்கள் 42 கிலோமீட்டரை ஓடி முடிப்பது வேறொன்று. வேலைக்குப் போய்க்கொண்டே ஒருவர் சில மாதங்களில் அந்தத் தூரத்துக்குத் தயாராகலாம் என்ற அறிவு அதற்குள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நியூட்டனின் புத்தகங்களும் ராஸின் தாள்களும் ஆஸ்லரின் சிறு நூலும் ஹெண்டர்சனின் ஆறு கதைகளும் அதை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தன. 1982க்குப் பிறகு ஓட்டக்காரர்கள் பரிசுப் பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் பெற்றுக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்து, முன்வரிசையில் ஓடுபவர்களுக்கு ஓட்டம் மறுபடி தொழிலாயிற்று. அது நியாயமான மாற்றம். உழைப்புக்குக் கூலி வேண்டும். ராஸின் இதழ் அதற்கு முன்பே, 1975இல், நின்றுபோயிருந்தது. அவர் ஓடுவதை நிறுத்தவில்லை. 1998இல் ஒரு நாள் காலை ஓட்டம் முடித்து வந்த பிறகு காலமானார்.